அக்காவின் சீரமும் நாத்தனாரின் டப்பாவும்

கேள்வி: மியான்மரில், பெகுவில் ட்யூஷன் எடுக்கிறேன். வயது 36. இரண்டாவது குழந்தை பிறந்ததிலிருந்து இரண்டு கன்னத்திலும் பழுப்புத் திட்டாக மங்கு. ஐப்பசியில் தம்பிக்குக் கல்யாணம். சிங்கப்பூரில் இருக்கும் அக்கா, “240 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) ஒரு சீரம் இருக்கிறது, வாங்கி வருகிறேன், பாதிப் பணம் நீ கொடு” என்கிறாள். நாத்தனாரோ ஃபேஸ்புக் லைவில் விற்கிற முத்து க்ரீமைப் பூசி ஒரே மாதத்தில் வெளுத்துவிட்டாள். அதன் விலை சீரத்தின் விலையில் நூறில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். விலை கூடின சாமானுக்கு உண்மையிலேயே மதிப்பு உண்டா டாக்டர்? சீரம் அட்டையில் போட்டிருப்பதை அக்காவிடம் கேட்டு எழுதி அனுப்பியிருக்கிறேன். அம்மாவுக்குக் குதிகால் வெடிப்பு இருக்கிறது, அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் நாத்தனாரைக் கவனிப்போம். சீரம் காத்திருக்கும், அவர் முகம் காத்திருக்காது.

மங்கு ஒரு மாதத்தில் போகாது. முப்பது வருடமாக யாங்கோனில் தோல் பார்க்கிறேன், சரியான மருந்து போட்டும் மூன்று மாதத்துக்குக் குறைந்து நல்ல மாற்றம் வந்ததாக நினைவில்லை. ஒரே மாதத்தில் முகம் வெளுத்தால் அந்த டப்பாவுக்குள் பெரும்பாலும் இரண்டில் ஒன்று இருக்கும்: ஸ்டீராய்டு, அல்லது பாதரசம். சில டப்பாவில் இரண்டும் உண்டு.

போன மழைக்காலத்தில் ஒரு பெண் இப்படி ஒரு டப்பாவை நியூஸ் பேப்பரில் சுற்றி எடுத்து வந்தாள். மூடியில் முத்துச் சிப்பி படம். எந்த நாட்டில் செய்தது, யார் செய்தது, உள்ளே என்ன, ஒன்றும் இல்லை. முதல் இரண்டு மாதம் எல்லாரும் “என்ன போடுகிறாய்” என்று கேட்டார்களாம். அவள் முகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். கன்னத்தில் நூல் நூலாகச் சிவப்பு நரம்பு, தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து, வாயைச் சுற்றிப் பொரிப் பொரியாகக் கொப்புளம். பூசுவதை நான்கு நாள் நிறுத்தினால் முகம் தீயாக எரிகிறது, அந்த எரிச்சலுக்குப் பயந்து மறுபடி பூசுகிறாள். ஸ்டீராய்டு க்ரீம் முகத்தைப் பிடித்துக்கொள்ளும் விதம் இதுதான். எக்ஸிமாவுக்கு அதே மருந்தை நானே எழுதுவேன். எத்தனை நாள், எந்த இடம் என்று சொல்லித்தான் எழுதுவேன்.

பாதரசம் இன்னும் மோசம். தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். துண்டு, தலையணை உறை வழியாகப் பிள்ளைகள் உடம்புக்கும் போகும். நாத்தனார் வீட்டில் டப்பா இன்னும் இருந்தால் அட்டையைப் படிக்கச் சொல்லுங்கள். மெர்க்குரி, கலோமெல், மெர்க்குரஸ் குளோரைடு என்று இருந்தால் தெளிவாகத் தெரிந்துவிடும். அப்படி எழுதாதவர்களும் சில சமயம் ஒன்றை மட்டும் மறக்காமல் எழுதுவார்கள்: “தங்கம், வெள்ளி நகையில் படாமல் பார்த்துக்கொள்ளவும்.” பாதரசம் தங்கத்தைத் தின்னும் என்று விற்கிறவனுக்குத் தெரியும். வளையலுக்கு ஆகாதது கன்னத்துக்கு ஆகுமா?

ஆசியான் நாடுகளின் அழகுசாதன விதியில் பாதரசம், ஸ்டீராய்டு இரண்டுக்கும் தடை. மியான்மர் அதில் உறுப்பு நாடு. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உலக ஒப்பந்தம் 2020-க்குப் பிறகு பாதரச முகப்பூச்சு கூடாது என்றது, 2023-ல் மிச்சமிருந்த சந்துகளையும் அடைத்தார்கள். சட்டம் அப்படி இருக்க, ஃபேஸ்புக் லைவ் இப்படி இருக்கிறது. நாத்தனார் பூசுவதை நிறுத்த வேண்டும். ஆனால் பல மாதமாகப் போட்டிருந்தால் சட்டென்று நிறுத்தி வீட்டில் உட்கார வேண்டாம். தோல் மருத்துவரிடம் டப்பாவோடு போகட்டும். கால் வீக்கமோ சிறுநீரில் நுரையோ இருந்தால் அன்றைக்கே போகட்டும்.

சரி, இப்போது அக்காவின் 240 வெள்ளி.

நீங்கள் பட்டியலை வரிசை மாறாமல் எழுதி அனுப்பியது நல்லதாகப் போயிற்று. வாட்டர், கிளிசரின், சைக்ளோபென்டாசிலோக்சேன், நியாசினமைடு, டைமெதிகோன், பினாக்சிஎத்தனால், வாசனை, அப்புறம் கொலாஜன், முத்துப் பொடி, ஆர்க்கிட் சாறு, கடைசியில் தங்கம். அட்டையின் முன்பக்கத்தில் இது தலைகீழாக இருக்கும். தங்கம் கொட்டை எழுத்தில், கிளிசரின் பேச்சே இருக்காது.

பின்பக்கத்துக்கு ஒரு விதி உண்டு. எது அதிகமோ அது முதலில். ஒரு சதவீதத்துக்குக் கீழே இறங்கியதும் வரிசை அவர்கள் இஷ்டம். அந்தக் கோடு எங்கே விழுகிறது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வழி: பினாக்சிஎத்தனாலைத் தேடுவேன். அது கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்ப்பது, ஒரு சதவீதத்துக்கு மேல் சேர்க்க அனுமதி இல்லை. ஆகவே அதற்குப் பின்னால் நிற்கிறது எதுவும் ஒரு சதவீதத்தைத் தாண்டாது. 30 மில்லி புட்டியில் ஒரு சதவீதம் என்றால் 0.3 மில்லி, ஐந்தாறு சொட்டு. உங்கள் தங்கம், முத்து, ஆர்க்கிட் ஒவ்வொன்றும் அந்த ஐந்தாறு சொட்டுக்கு மேல் இல்லை. பினாக்சிஎத்தனால் இல்லாத சாமானும் நிறைய உண்டு, அப்போது இந்த வித்தை பலிக்காது. உங்கள் சீரத்தில் பலித்தது.

கொலாஜன் கதை வேறு. கூடுதலாகப் போட்டிருந்தாலும் பயனில்லை. தோல் வழியாக உள்ளே போக ஒரு மூலக்கூறு 500 டால்டனுக்குள் (டால்டன் என்பது மூலக்கூறின் எடையை அளக்கும் அலகு) இருக்க வேண்டும் என்பது 2000-ஆம் ஆண்டிலிருந்து நாங்கள் புழங்கும் கணக்கு. கொலாஜன் ஏறக்குறைய மூன்று லட்சம் டால்டன். கொசுவலைக்குள் எருமை நுழையப் பார்க்கிற மாதிரி. மேலே படிந்து கொஞ்சம் ஈரத்தைப் பிடித்து வைக்கும், முகம் கழுவினால் சாக்கடைக்குப் போகும். தங்கமோ தோலில் ஒன்றுமே செய்யாமல் மின்னிக்கொண்டு இருக்கும். அந்தப் பணத்துக்குத் தாலிக்கொடியில் ஒரு குண்டு சேர்த்தால் அதுவும் மின்னும், அவசரத்துக்கு அடகும் வைக்கலாம்.

அந்தப் பட்டியலில் உங்கள் மங்குக்கு வேலை செய்கிற சரக்கு நியாசினமைடு ஒன்றுதான். வைட்டமின் பி3. 122 டால்டன், சுலபமாக உள்ளே போகும். நிறத்தைத் தயாரிக்கும் செல், அந்த நிறத்தைச் சின்னச் சின்னப் பொட்டலமாகப் பக்கத்துச் செல்லுக்குக் கைமாற்றும், நியாசினமைடு அந்தக் கைமாற்றத்தைக் குறைக்கும். நான்கைந்து சதவீதம் இருந்தால் போதும். இது உலகத்தின் மலிவான மூலப்பொருள்களில் ஒன்று. கனடாவில் டொரன்டோவிலிருந்து டெசியம் என்ற கம்பெனி 2016-ல் ‘தி ஆர்டினரி’ என்று ஒரு வரிசையைக் கொண்டுவந்து, பத்து சதவீத நியாசினமைடு 30 மில்லி புட்டியைப் பத்து அமெரிக்க டாலருக்கும் கீழே விற்றது. அப்போதுதான் பலருக்கும், இத்தனை நாள் எதற்குக் காசு கொடுத்தோம் என்று உறைத்தது. அவர்கள் நஷ்டத்துக்கு விற்கவில்லை.

அப்படியானால் 240 வெள்ளியும் ஏமாற்றா என்றால், அப்படியும் சொல்ல மாட்டேன். கனமான கண்ணாடிப் புட்டி, விமான நிலையக் கடை வாடகை, நடிகையின் சம்பளம், தடவினால் ஒட்டாமல் பட்டாக வழுக்கும் சிலிக்கோன், அந்த வாசனை எல்லாவற்றுக்கும் விலை உண்டு. அந்தச் சுகத்துக்காக வாங்குகிறேன் என்று தெரிந்து வாங்குகிறவரை நான் தடுப்பதில்லை, பட்டுப்புடவையும் அப்படித்தானே? மங்கு போகும் என்று நம்பி வாங்குகிறவரைத்தான் தடுப்பேன். இன்னொன்று, மருந்துக்கடையில் கிடைக்கும் கார்னியே, செராவே, லா ரோஷ்-போசே, மாலில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் லாங்கோம், எல்லாம் லோரியால் என்ற ஒரே முதலாளியுடையது. எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் கண்டுபிடித்தது என்று சொல்லும்போது அந்தக் கூடத்தின் கதவு கீழ்மாடிக்கும் திறக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விலை கூடினால் நியாயம் இருக்கிற இடமும் உண்டு, வைட்டமின் சி. அது ரொம்பக் கோபக்காரச் சாமான். காற்றுப் பட்டால், வெளிச்சம் பட்டால், சூடு பட்டால் கெட்டுப்போகும். அமில அளவு சரியாக இல்லாவிட்டால் உள்ளே போகாது. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷெல்டன் பின்னலின் குழு, 15 சதவீத வைட்டமின் சியோடு வைட்டமின் ஈயும் ஃபெருலிக் அமிலமும் சேர்த்தால் அது நிலைத்து நிற்கிறது என்று 2005-ல் காட்டியது. அந்த மாதிரி ஒழுங்காகச் செய்ய நிஜமாகவே செலவாகும். ஆனால் அக்கா வாங்கி வந்து, பெகுவில் கரண்ட் வந்து போகிற லட்சணத்தில், நீங்கள் எங்கே வைத்துக் காப்பாற்றுவீர்கள்? என்னிடம் வருகிறவர்களின் புட்டியைத் திறந்து பார்த்தால், முக்கால்வாசி தேநீர்க்கடை மேசையில் இலவசமாக வைத்திருக்கும் வெறும் தேத்தண்ணீர் நிறத்தில் இருக்கும். அந்த நிறம் வந்தால் அதன் உயிர் போய்விட்டது. எனக்கே என் தங்கை வாங்கித் தந்த ஒன்று அப்படித்தான் போயிற்று, மனசு கேட்காமல் முழங்கையில் தடவித் தீர்த்தேன்.

இனி, பணத்தை எங்கே போடுவது என்று பார்ப்போம். சன்ஸ்கிரீன். இதைச் சொன்னதும் பாதிப் பேர் முகம் வாடிவிடுகிறது, ஏதோ ரகசிய மருந்தை எதிர்பார்த்து வந்திருப்பார்கள். ஆஸ்திரேலியாவில் 903 பேரை நாலரை வருடம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களுக்கு, மனம் போனபடி பூசியவர்களைவிட 24 சதவீதம் குறைவாகத் தோல் முதிர்ந்தது. 2013-ல் வந்த ஆய்வு. உங்கள் சீரம் கம்பெனியிடம் இப்படி ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள்.

மங்குக்கு இது முதல் மருந்து. வெயில் படுகிற வரைக்கும் மற்ற எந்த மருந்து போட்டாலும் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுதான். இப்போது மழைக்காலம், மேகமூட்டம், வீட்டுக்குள் தானே ட்யூஷன் என்பீர்கள். அமெரிக்காவில் 28 வருடம் லாரி ஓட்டிய 69 வயதுக்காரர் ஒருவரின் படம் 2012-ல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. ஜன்னல் பக்கம் இருந்த இடது கன்னம் மட்டும் சுருங்கித் தொங்கியிருக்கும், வலது கன்னம் பத்து இருபது வயது இளமையாக இருக்கும். வெயிலில் இருக்கும் யுவிஏ என்ற கதிர் கண்ணாடியைத் தாண்டி வரும், மேகத்தையும் தாண்டி வரும். பெகுவிலிருந்து யாங்கோன் பஸ்ஸில் நீங்கள் எந்தப் பக்கம் உட்காருவீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு கன்னத்தில் எதில் மங்கு அதிகம் என்றும் கண்ணாடியில் பாருங்கள்.

சன்ஸ்கிரீன் அட்டையில் எஸ்பிஎஃப் என்று ஒரு எண் இருக்கும், அது 30 என்றால் வெயிலின் எரிக்கும் கதிரில் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்றால் 98. நூறு என்று போட்டு விலை ஏற்றியதற்கு மயங்க வேண்டாம். பிஏ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் கூட்டல் குறி மூன்று நான்கு இருக்கட்டும், அது யுவிஏக்கானது. மங்கு உள்ளவர்களுக்குத் தோல் நிறத்தில் வரும் சன்ஸ்கிரீன் இன்னும் நல்லது. அந்த நிறம் இரும்பு ஆக்சைடு, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் மங்கைக் கூட்டும், அதையும் அது தடுக்கும்.

ஆனால் அளவு! முகத்துக்கும் கழுத்துக்கும் ஆட்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்க வேண்டும், ஒரு கிராமுக்குக் கொஞ்சம் கூட. 50 கிராம் ட்யூப் நாற்பது நாளில் தீர வேண்டும். தீரவில்லை என்றால் நீங்கள் சரியாகப் போடவில்லை. இங்கேதான் விலை கூடின சாமான் நம்மைக் கெடுக்கிறது. நூறு வெள்ளி சன்ஸ்கிரீனை யாரும் இரண்டு விரல் பிதுக்க மாட்டார்கள், பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்க இழுப்பார்கள், அட்டையில் 50 என்று இருக்கும், முகத்தில் அதில் பாதிகூட இருக்காது. மனம் நோகாமல் தாராளமாகப் பிதுக்க முடிகிற விலை எதுவோ அதுதான் உங்களுக்குச் சரியான விலை.

மரக்கட்டையை உரசிப் பூசுகிற தனாக்கா போதாதா என்று கேட்கவில்லை, ஆனால் கேட்க நினைத்திருப்பீர்கள். நானும் தனாக்கா பூசி வளர்ந்தவள்தான். அம்மா காலையில் கல்லில் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்துக் கட்டையை உரசும் சத்தத்தில்தான் எழுந்திருப்போம். அந்த மரம் எலுமிச்சைக் குடும்பம், தமிழில் மகாவில்வம் என்பது அதில் ஒரு வகை, நம் விளாமரக் கட்டையும் அந்தப் பெயரில் விற்பதுண்டு. குளிர்ச்சி உண்டு, எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும், அதன் பட்டையில் வெயில் கதிரைக் கொஞ்சம் உறிஞ்சும் பொருளும் இருக்கிறது. கொஞ்சம்தான். மங்கு உள்ள முகத்துக்கு அதை மட்டும் நம்ப முடியாது. முதலில் சன்ஸ்கிரீன், கால் மணி நேரம் கழித்து மேலே மெல்லிசாகத் தனாக்கா பூசிக்கொள்ளுங்கள். கட்டையாக வாங்கி உரசுங்கள், டப்பாவில் வரும் பொடியில் வாசனைக்கும் நிறத்துக்கும் என்னவெல்லாம் சேர்த்திருக்கிறார்கள் என்று தெரியாது.

இரவுக்கு இரண்டு வழி. அசெலாயிக் அமிலம் 15 அல்லது 20 சதவீத க்ரீம், கர்ப்பமாக இருந்தாலும் ஆபத்தில்லை. அல்லது ட்ரெட்டினாயின். 1969-லிருந்து பருவுக்கும், 1980-களிலிருந்து வெயிலில் கெட்ட தோலுக்கும் ஆராய்ந்து தேறிய மருந்து இது. விலை கூடின க்ரீம்களில் வரும் ரெட்டினால் இதன் சாதுவான தங்கை, அதைவிட இது வலுவானது. இந்தியாவிலிருந்து வரும் ட்யூப் விலை சீரத்தின் ஒரு நாள் செலவுக்குப் பக்கத்தில்தான் வரும். ஆனால் கர்ப்பத்துக்கு வாய்ப்பிருந்தால் தொடக்கூடாது, முதல் சில வாரம் உரிந்து சிவக்கும், வாரம் இரண்டு இரவில் தொடங்கித்தான் கூட்ட வேண்டும். ஆகவே ஒரு மருத்துவர் பார்த்துத் தரட்டும். கடையில் மங்கு க்ரீம் என்று கேட்டால் மூன்று மருந்து கலந்த ஒரு ட்யூபை எடுத்து நீட்டுவார்கள், அதில் ஸ்டீராய்டும் இருக்கிறது. நாங்களும் அதை எழுதுவோம், ஆறேழு வாரத்தில் நிறுத்துவோம். கடைக்காரர் நிறுத்தச் சொல்ல மாட்டார்.

நீங்கள் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று எழுதவில்லை. அதுவும் மங்கைப் பிடித்து வைத்திருக்கும், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கல்யாணத்துக்கு நான்கு மாதம் இருக்கிறது, போதும். இன்றைக்கே தொடங்கினால் புரட்டாசியில் மங்கு வெளிறத் தொடங்கும். முழுக்க மறையும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன், மிச்சத்துக்கு மேக்கப் இருக்கிறது. கடைசி இரண்டு வாரத்தில் யார் என்ன புதிதாகக் கொடுத்தாலும் முகத்தில் வைக்காதீர்கள். நலங்குக்கு முந்தின நாள் ப்ளீச்சிங் செய்துகொண்டு, மறுநாள் முகம் வீங்கி என்னிடம் ஓடி வரும் மாப்பிள்ளை வீட்டாரை வருடா வருடம் பார்க்கிறேன்.

அக்காவிடம் இப்படிச் சொல்லுங்கள்: “சீரம் வேண்டாம். நிறம் சேர்த்த சன்ஸ்கிரீன் நாலு ட்யூப், எளிமையான நியாசினமைடு ஒன்று வாங்கி வா.” சிங்கப்பூர் மருந்துக்கடையில் இரண்டும் கிடைக்கும், உங்கள் பங்கு 120 வெள்ளிக்குள் இரண்டையும் அடக்கிவிடலாம். ஃபேஸ்புக்கில் அதே பெயரைப் பாதி விலைக்குப் பார்த்தால் வாங்காதீர்கள். விலை கூடின பெயர்களுக்குத்தான் போலியும் அதிகம்.

அம்மாவின் குதிகாலுக்கு வருகிறேன். அதற்கு வாசலின் போதும், அதுவும் எண்ணெய்க் கிணற்றில் பிறந்ததுதான். என் தாத்தா ஏனாஞ்சவுங் எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்த்தவர். அந்த ஊர்ப் பெயருக்கே பர்மிய மொழியில் நாற்றத் தண்ணீர் ஓடை என்றுதான் அர்த்தம். அமெரிக்காவின் எண்ணெய்க் கிணறுகளில், துளைக்கும் கம்பியில் படிகிற மெழுகைத் தொழிலாளிகள் தீக்காயத்தில் தடவுவதைப் பார்த்துத்தான் செஸ்பரோ என்பவர் வாசலினைக் கொண்டுவந்தார். 1872-ல் காப்புரிமை வாங்கினார். நூற்றைம்பது வருடம் ஆகிவிட்டது, தோலிலிருந்து ஈரம் வெளியே போகாமல் தடுப்பதில் அதை இன்னும் எந்த 240 வெள்ளிப் புட்டியும் ஜெயிக்கவில்லை. இரவில் கால் மணி நேரம் வெதுவெதுப்பான தண்ணீரில் காலை வைத்து, துடைத்து, ஈரம் முழுக்கக் காய்வதற்குள் வாசலின் பூசிப் பருத்திக் காலுறை போட்டுப் படுக்கட்டும். கடினமாக இருந்தால் யூரியா 20 சதவீதம் இருக்கும் க்ரீம். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. உண்டென்றால் கால் மரத்திருக்கலாம், சூடு தெரியாது, ஆகவே காலை ஊற வைக்காமல், நீங்கள் முழங்கையால் தொட்டுப் பார்த்த தண்ணீரில் கழுவித் துடைத்தால் போதும், பிளேடு வைத்துச் சுரண்ட விடாதீர்கள். வெடிப்பில் ரத்தமோ நீரோ தெரிந்தால் கல்யாண வேலையெல்லாம் அப்புறம், அம்மாவை முதலில் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.